ஒரு வாக்கியத்துக்கு ஒரு பொறுப்பாளர்

 

ஒருமுறை எழுதிய பகுதியைப் பல ஆவணங்களில் எடுத்தாள்வதும், அதைச் சீராகப் பராமரிப்பதும் சிதம்பரத்தில் கூடும் இந்தக் கருத்தரங்கின் பொருள். இது கணினியோடு வந்த சிந்தனை என்று கருதுவோர் இவ்வூர் நடராசர் கோயில் கல்வெட்டுகளைப் படிக்க வேண்டும். சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மன்னனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி, அடுத்து ஆட்சியாண்டு, பிறகு ஊர், கொடையாளி, கொடைப்பொருள், முடிவில் அறத்தைக் காப்போர் பற்றிய வாசகம். முதலும் முடிவும் ஊர்தோறும் ஏறக்குறைய ஒன்றே. மாறுவது நடுப்பகுதி. கோயிலில் அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்கு விட்ட ஆடு 90-ஆ 96-ஆ என்பதை மட்டும் அந்தந்த ஊரார் எழுதிக்கொண்டனர்.

மெய்க்கீர்த்தியை முதலில் வைக்கும் இந்த ஒழுங்கை நிலைநாட்டியவர் 985-இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன். அவர் மகன் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி ஆட்சியாண்டு ஏற ஏற நீண்டது. புதிய வெற்றிகள் அதில் சேர்ந்துகொண்டே வந்தன. கடாரப் படையெடுப்பைச் சொல்லும் கல்வெட்டு 1025-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோதான் வெட்டப்பட்டிருக்க முடியும். ஆண்டு சிதைந்த கல்வெட்டுக்கும் ஆய்வாளர் காலம் கணிப்பது இப்படித்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தி. வை. சதாசிவ பண்டாரத்தார், பிற்காலச் சோழர் சரித்திரத்தை எழுதியபோது அவருக்குக் கைகொடுத்தவை இந்த மெய்க்கீர்த்திகளே. பொதுப் பகுதி எது, அதன் எந்தப் பதிப்பு இங்கே நிற்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்தால், ஆவணம் தன் வரலாற்றைத் தானே சொல்லிவிடும்.

ஆனால் கல்லுக்கு ஒரு குறை உண்டு. மூலத்தில் ஒரு திருத்தம் செய்தால், ஏற்கெனவே வெட்டிய கல்லில் அது ஏறாது. இன்று நம் அலுவலகங்களில் நடப்பதும் அதுவே. பழைய கோப்பைத் திறந்து, பத்தியை வெட்டி ஒட்டி, தேதியை மாற்றி அனுப்பிவிடுகிறோம். அதை நகலெடுப்பது என்று சொல்லலாமே தவிர, மீள்பயன்பாடு என்று சொல்ல முடியாது. மூலத்தை ஓரிடத்தில் வைத்து, தேவையான ஆவணங்கள் எல்லாம் அதைச் சுட்டி அழைத்துக்கொள்வதே மீள்பயன்பாடு. ஐபிஎம் நிறுவனம் உருவாக்கி, ஓயாசிஸ் அமைப்பு 2005-இல் தரமாக வெளியிட்ட டிட்டா என்னும் ஆவணமாக்க முறையின் உயிர்நாடி இதுதான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் சாலையில் சிப்காட் தொழில் வளாகத்தைக் கடந்து வந்திருப்பீர்கள். அங்குள்ளவற்றில் பல ரசாயன ஆலைகள். அத்துறைக்கு உலகம் முழுவதற்குமான வாக்கியக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. ரசாயனங்களை வகைப்படுத்தி லேபிள் ஒட்டுவதற்கென ஐக்கிய நாடுகள் சபை 2003-இல் வெளியிட்ட முறையில், ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒரு வாக்கியம், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் எண். எண் 2-இல் தொடங்கினால் தீ, வெடிப்பு போன்ற ஆபத்து. 3 என்றால் உடல்நலக் கேடு. 4 என்றால் சுற்றுச்சூழல் கேடு. மிக எளிதில் தீப்பற்றும் திரவம் என்று எச்சரிக்கும் எச் 225 வாக்கியம் அசிட்டோனுக்கும் மெத்தனாலுக்கும் டொலுவீனுக்கும் பொது. பாதுகாப்புத் தரவுத் தாளின் 16 பிரிவுகளும் எங்கும் ஒரே வரிசையில் வருகின்றன. எந்த எழுத்தரும் தன் நடையழகை அங்கே காட்டுவதில்லை; காட்டவும் கூடாது.

ஐ.நா. தன் ஆறு அலுவல் மொழிகளில் அவ்வாக்கியங்களை வெளியிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இணைப்பாகவே அவற்றைத் தன் மொழிகளில் தந்திருக்கிறது; சில லட்சம் பேரே பேசும் மால்டிய மொழியும் அதில் உண்டு. ஆனால் இங்கே ரசாயன டிரம்மை உருட்டும் தொழிலாளி படிப்பது தமிழ். ஒரு லேபிளில் 'எரியக்கூடியது', இன்னொன்றில் 'தீப்பிடிக்கும் தன்மையது', மூன்றாவதில் 'எளிதில் பற்றும்' என்றிருந்தால், மூன்றும் வெவ்வேறு ஆபத்துகள் என்றுதானே அவர் எண்ணுவார்?

தமிழில் மீள்பயன்பாட்டைச் செய்வோருக்கு இலக்கணம் ஓர் எல்லை வகுக்கிறது. ஆங்கிலக் கையேட்டில் வாக்கியத்தின் நடுவே வெற்றிடம் விட்டு, கருவியின் பெயரை மட்டும் மாற்றி நிரப்புவார்கள். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும்போது சொல்லே உருமாறும். மோட்டாரை, பம்பை, இயந்திரத்தை என்று வரவேண்டிய இடத்தில், மென்பொருள் 'இயந்திரம்ஐ' என்று அச்சடிக்கும். வல்லினம் மிகும் இடமும் இப்படியே பிழைபடும். ஆகவே தமிழில் மீண்டும் மீண்டும் எடுத்தாளும் பகுதி, அதாவது கூறு, குறைந்தது ஒரு முழு வாக்கியமாவது இருக்க வேண்டும் என்பது என் துணிபு. பெயர் மாறியே தீரவேண்டும் என்றால் அதைத் தலைப்பிலோ அட்டவணையிலோ உருபின்றி நிறுத்தலாம். 'மேலே சொன்னபடி', 'முன்பத்தியில் கண்டவாறு' போன்ற தொடர்களும் கூடாது. இடம் மாறினால் மேலே எது, முன்னே எது?

மென்பொருள் வாங்குவது எளிது. அதற்கான பணத்தை நிர்வாகம் தந்துவிடும். கடினமானது, இந்த வாக்கியம் யாருடையது என்று முடிவுசெய்வது. பொறுப்பாளர் இல்லாத கூறு நூறு ஆவணங்களில் இருந்தால், ஒரு பிழை நூறு பிழையாகும். பொறுப்பாளர் இருந்தால் ஒரு திருத்தம் நூறு திருத்தமாகும். ஆகவே ஒவ்வொரு கூறுக்கும் அதை எழுதியவர், சரிபார்த்தவர், கடைசியாகத் திருத்திய நாள் ஆகியவை பதிவாக வேண்டும். சுவரில் ஒட்டிய அறிவிப்பிலும் பதிப்பு எண் இருக்க வேண்டும். அச்சிட்ட தாளும் கல்வெட்டைப் போலத்தான். தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கருவிகளின் சிறப்பைப் பேசுவதோடு நின்றுவிடாமல், ஆபத்து வாக்கியங்களுக்கான பொதுத் தமிழ்ப் பட்டியலைத் தொகுக்கும் வேலையை இந்த அரங்கிலேயே தொடங்குங்கள். தமிழறிஞரும் வேதியியலாளரும் ஆலைத் தொழிலாளியும் ஒரே மேசையில் அமர்ந்து அதைச் சரிபார்க்கட்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருவர் பொறுப்பேற்கட்டும். அந்தப் பட்டியலின் முதல் பக்கத்தையாவது எழுதி முடித்துவிட்டுக் கலைய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.