சிவிங்கி: சொல்லும் விலங்கும்

(திருவதிகைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விரைவுக்கு உவமையாகச் சிறுத்தையைப் பாடாத புதுக்கவிஞர் அரியர். எந்தச் சிறுத்தை என்பதே வினா. மரமேறிப் பதுங்கும் சிறுத்தை வேறு. கண்ணீர்த் தடம் போல் இரு கருங்கோடுகள் முகத்தில் இறங்க, வெட்டவெளியில் மானைத் துரத்தும் சிவிங்கி வேறு. முன்னது இன்றும் தமிழக மலைகளில் உண்டு. பின்னது இந்தியாவில் அற்றுப்போனதென அரசு 1952இல் அறிவித்தது. விலங்கு போயிற்று, சொல்லும் வழக்கிலிருந்து ஒதுங்கிற்று.

சென்னை ஆளுநராயிருந்த ஜார்ஜ் பிகட், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு சிவிங்கியைப் பரிசளித்தார். 1764இல் விண்ட்சரில் அதைக் கலைமான்மீது ஏவினர்; மானோ எதிர்த்து நின்று விரட்டிவிட்டது! ஜார்ஜ் ஸ்டப்ஸ் தீட்டிய அதன் ஓவியம் மான்செஸ்டரில் உள்ளது. அக்பரிடம் ஆயிரம் சிவிங்கிகள் இருந்தன என்பர். கூண்டில் அவை ஈனுவது அரிது. ஜஹாங்கீர் காலத்தில் ஓர் ஈற்றே பதிவாயிற்று. ஆகவே அரண்மனைச் சிவிங்கி ஒவ்வொன்றும் காட்டுக்கு இழப்பே. எஞ்சியவற்றைத் துப்பாக்கியும் ஏரும் முடித்தன.

ஆசியச் சிவிங்கி இன்று ஈரானில் மட்டும், அதுவும் மிகச் சிலவாக, எஞ்சியுள்ளது. எனவே 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்துக் குனோவுக்குக் கொணரப்பட்டன. 2023இல் இங்கு மழை பெய்த மாதங்கள் அவற்றின் தாய்மண்ணில் குளிர்காலம். உடல் அந்தப் பருவத்தையே நம்பி அடர்ந்த உரோமம் வளர்த்தது. ஈரம் தங்கி, கழுத்துப்பட்டையின் கீழ்ப் புண்ணாகி, புழு வைத்துச் சில மாண்டன. காலமறியாது பூத்த கொன்றையைச் சங்கப் பாடலில் கண்டவர்க்கு இத்துயரம் விளங்கும். பின்னர் அம்மண்ணிலேயே பிறந்த குட்டிகள் பல வளர்ந்துள்ளன, ஆறுதலே.

ஆனால் அவை ஓட நிலம் எங்கே? சிவிங்கிக்கு வேண்டுவது அடர்கானகம் அன்று, புல்வெளியும் புதர்நிலமும். வருவாய்த்துறை அதற்கு இட்ட பெயர் தரிசு. கவிஞரோ வெறுமைக்கு உவமையாக்கினர். தரிசென்று எழுதியபின் அங்கே தைலமரம் நடத் தடையேது? புலவர் இரலை என்று பாடிய வெளிமான் வல்லநாட்டிலும் கோடியக்கரையிலும் இன்றும் மேய்கிறது. அதற்குப் புல் வேண்டிக் கோடியக்கரையில் சீமைக்கருவேலத்தை வேரோடு அகழ வேண்டியிருக்கிறது.