சிறிய எண் வந்தால் ஆபத்து இல்லையா? – நம் லேசர் வாயுக் கருவியைப் பற்றிச் சில வார்த்தைகள்

(காலாண்டுக் கூட்டத்தில் பராமரிப்புக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



குழாய் எரிவாயு வந்த பிறகு நம் சங்கம் ஒரு கைக்கருவி வாங்கியது உங்களுக்குத் தெரியும். பார்க்க டார்ச் லைட் போல இருக்கும். லேசர் மீத்தேன் டிடெக்டர் என்று பெயர். இதுபோன்ற கருவிகளோடு ஆலைகளில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால், இதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். நான் ஒப்புக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு.

சென்ற மாதம் நம் எஸ்.டி.பி.யில் பம்ப் அடைத்துக்கொண்டது. கான்ட்ராக்டர் அனுப்பிய தம்பி ஒருவர் தொட்டிக்குள் இறங்கத் தயாராக நின்றார். நம்மில் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், இந்தக் கருவியைக் கொண்டுவந்து தொட்டிக்குள் அடித்துப் பார்த்தார். சிறிய எண்தான் வந்தது. “ஒன்றுமில்லை, இறங்குப்பா” என்றார். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த நான் தடுத்தேன். அந்தத் தம்பி அன்று மாலை நல்லபடியாக வீட்டுக்குப் போனார். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் படபடப்பாக இருக்கிறது.

ஏன் தடுத்தேன் என்று சொல்கிறேன். ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய சில அலைநீளங்களில் ஒளியை விழுங்கும். மீத்தேன் விழுங்கும் ஓர் அலைநீளம் சுமார் 1.65 மைக்ரோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. கருவி அந்த ஒளியை அனுப்பி, சுவரில் பட்டுத் திரும்பி வருவதில் எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் பார்க்கிறது. குழாய் எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன் என்பதால் அதற்கு இது அருமையான கருவி. ஆனால் மீத்தேனைத் தவிர வேறு எதுவும் இதற்குத் தெரியாது. உங்கள் வீட்டு சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். அது கசிந்தால் இது சொல்லாது. எஸ்.டி.பி. தொட்டியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடும் ஆக்சிஜன் குறைவும். இரண்டையும் இது காட்டாது.

மூக்கையும் நம்பாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். 100 பி.பி.எம். அளவை எட்டும்போது மோப்ப சக்தியே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆபத்து கூடியிருக்கும். மேலும் அடியில் தேங்கிய சேற்றைக் கிளறும்போதுதான் வாயு மொத்தமாக வெளியே வரும். அதனால் இறங்குமுன் ஒரு தடவை பார்த்தால் போதாது.

கருவி காட்டும் எண்ணையும் புரிந்துகொள்ள வேண்டும். அதன் அலகு பி.பி.எம். மீட்டர், வாயுவின் அடர்த்தியை அது பரவியிருக்கும் தூரத்தால் பெருக்கி வருவது. 500 என்று வந்தால், 10 மீட்டர் தூரத்துக்கு 50 பி.பி.எம். லேசாகப் பரவியிருக்கலாம். அல்லது ஒரே ஒரு சென்டிமீட்டரில் 50,000 பி.பி.எம். இருக்கலாம். 50,000 என்பது 5 சதவீதம். மீத்தேன் தீப்பிடிக்கத் தொடங்கும் அளவு. இரண்டுக்கும் எண் ஒன்றுதான். அதனால் ஓர் இடத்தில் எண் ஏறினால் கோணத்தை மாற்றி, பல பக்கத்திலிருந்து பாருங்கள். காற்றில் இயல்பாகவே சுமார் 2 பி.பி.எம். மீத்தேன் இருப்பதால், தூரத்துச் சுவரைக் குறிவைத்தால் கொஞ்சம் எண் வரத்தான் செய்யும். வானத்தைக் காட்டினால் ஒளி திரும்பாது, அளவும் கிடைக்காது. பூட்டிய வீட்டை ஜன்னல் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். நேராக அடிக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள்.

அடுத்தது கண். குறி பார்ப்பதற்காக வரும் பச்சை ஒளியும் லேசர்தான். அதை யார் முகத்திலும் அடிக்கக் கூடாது. கண்ணாடி, பளபளப்பான ஸ்டீல் ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியையும் பார்க்கக் கூடாது. எந்த வகுப்பு லேசர் என்பது லேபிளில் இருக்கிறது, படித்துவிட்டுத் தொடுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

பராமரிப்பு எளிது. லென்ஸை மென்மையான துணியால் துடையுங்கள். சட்டை நுனி வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஆன் செய்ததும் சுயசோதனை முடிகிறதா என்று பார்த்து, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். சோதனையில் தேறாத கருவியை வைத்து முடிவெடுக்கக் கூடாது. சார்ஜ் போடுவது அலுவலக அறையில் மட்டும். உறையை யாரும் திறக்க வேண்டாம். கேலிபரேஷனுக்குத் தயாரிப்பாளர் சொன்ன கெடுவுக்குள் அனுப்ப வேண்டும்.

வீட்டில் வாயு வாசனை வந்தால் கருவிக்காகக் காத்திருக்காதீர்கள். வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து, அங்கிருந்து போன் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அடைப்பெடுக்க இயந்திரத்தைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். வேறு வழியே இல்லாத நிலையில், ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரியும் வாயு நான்கையும் பார்க்கும் மீட்டர் இறங்குபவரின் உடம்பிலேயே இருக்க வேண்டும். காற்றோட்டம், கயிறு, மூச்சுக் கருவி, மேலே காவலுக்கு ஆள், இவை அத்தனையும் வேண்டும். அப்படிப்பட்ட மீட்டர் நம்மிடம் இல்லை. அது வரும்வரை நம் தொட்டிக்குள் யாரும் இறங்குவதில்லை என்று இன்றே தீர்மானம் போடுவோம். கான்ட்ராக்டர் அவசரப்படுத்தினாலும், இரண்டு நாள் நாற்றம் அடித்தாலும் பொறுத்துக்கொள்வோம்.