சிறுவாட்டுப் பணம் தூங்கலாமா?

(ஆரப்பாளையத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



இன்னைக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடித்தோம். பத்து ரூபாய் காசை நீட்டினால், "நோட்டா குடுங்கக்கா" என்கிறார் கடைக்காரர். பத்து ரூபாய் காசு எந்த வடிவத்தில் இருந்தாலும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. நம் குழுக்களிலும் சந்தாவுக்கு யாராவது கொடுத்தால் மறுக்காமல் வாங்குங்க.

காசு செல்லுமா என்று பார்க்கிறோம். அந்தக் காசுக்கு எவ்வளவு சாமான் வரும் என்று பார்க்கிறோமா?

நம் அம்மாச்சி காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. 1957-ல்தான் ரூபாய்க்கு 100 பைசா என்று மாறியது. அப்புறமும் 25 பைசாவை நாலணா என்றுதான் சொன்னோம். 2011 ஜூன் 30-ஓடு அந்த நாலணா செல்லாமல் போனது. யாரும் வருத்தப்படவில்லை. ஏன்? நாலணாவுக்கு வாங்க கடையில் ஒண்ணுமே இல்லையே! அரசாங்கம் நிறுத்துறதுக்கு முன்னாடியே விலைவாசி அதை நிறுத்திடுச்சு.

நோட்டும் அப்படித்தான். நூறு ரூபாய் சாமான் வருஷம் நூற்றுக்கு ஆறு ரூபாய் ஏறினால், 12 வருஷத்தில் இருநூறு ரூபாய் ஆகிவிடும். பானைக்குள் வைத்த நூறு ரூபாய்க்கு அப்போது பாதிச் சாமான்தான் வரும். நோட்டு முழுசா இருக்கும், மதிப்பு கரைஞ்சு போயிருக்கும்.

இது மெதுவாக வரும் நஷ்டம். ஒரே ராத்திரியில் வந்ததும் உண்டு. 2016 நவம்பர் 8-ல் பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். பேங்கில் கட்ட டிசம்பர் 30 வரைதான் நேரம். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அரிசிப் பானையில் போட்டு வைத்த சிறுவாட்டை, நம்மில் எத்தனை பேர் கைநடுங்க வெளியில் எடுத்தோம்! திருப்பூர் மாவட்டத்தில் வயதான அக்காள் தங்கை இருவர், வைத்தியத்துக்கும் கடைசிக் காரியத்துக்கும் என்று 46 ஆயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. 2019-ல் எடுத்துப் பார்த்தால் அத்தனையும் செல்லாத நோட்டு.

சிறுவாடு சேர்ப்பது தப்பே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கை கொடுப்பது அதுதான். ஆனால் அது தூங்கக் கூடாது. அதனால் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, அவசரத்துக்கு வேண்டியது போக மீதியைக் கணக்கில் போடுங்க. நோட்டு மாறினாலும் கணக்கில் உள்ள தொகை மாறாது. நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லி வையுங்க, வாரிசுப் பெயரும் எழுதுங்க.

இரண்டு, குழுப் பணத்தை உள்கடனாகச் சுற்ற விடுங்க. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றாலும் அது நம் குழுவுக்கே வருது. கறவை மாட்டுக்கோ தையல் மிஷினுக்கோ போனால், வாங்கினவங்க வீட்டிலும் வருமானம் வரும். தவணை மட்டும் தவறக் கூடாது.

மூன்று, குழு ஆரம்பிச்சப்ப வைத்த சந்தாவையே இன்னும் கட்டுறோமா என்று பாருங்க. விலை ஏறுது, கூலி ஏறுது, சந்தா மட்டும் ஏன் அப்படியே நிக்கணும்? எல்லாராலும் முடிகிற அளவு பேசி, கொஞ்சம் கூட்டுங்க.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது இதைத் தீர்மானமாக எழுதிக்கொண்டு வாங்க.