பழைய படமும் வறண்ட புலமும்

ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலே ஹம்போல்ட் என்றோர் ஆறு உண்டு. அது கடலைக் காண்பதில்லை. மலைப்பனி உருகிய நீரைச் சுமந்து மேற்கே ஓடி, ஈற்றில் ஓர் உவர்த் தாழ்நிலத்திற் பரந்து ஆவியாகிவிடுகின்றது. அதன் இருமருங்கும் வடக்குத் தெற்காக மலைத்தொடர்கள். அவற்றிடையே புதர் மண்டிய மேய்ச்சல் நிலங்கள். பல மைல்களுக்கு ஊர் என்பதே இராது. இத்தகைய புலத்தை அறிய விரும்புவோர்க்கு, 1879 இல் நிறுவப்பெற்ற புவிச்சரிதவியல் அளவை நிறுவனத்தின் பழைய இடவிளக்கப் படங்கள் பெருந்துணையாகும். 1884 முதல் வெளிவந்த அத்தாள்களை இன்று எவரும் கணினி வழியே கட்டணமின்றிப் பெறலாம்.

அவற்றுட் பல, ஏறத்தாழ ஒரு மைலை ஓரங்குலத்தில் அடக்கியவை. கபிலக் கோடுகள் நெருங்கினாற் செங்குத்து, விலகினாற் சமநிலம் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயின் 40 அடிக்கு ஒரு கோடாக வரைந்த படத்தில், 30 அடி ஆழமான ஓடையொன்று கோடுகளுக்கிடையே மறைந்து கிடத்தல் கூடும். அதனைப் பலர் எண்ணுவதில்லை.

வறண்ட நிலத்திற் கண் முதலில் தேடவேண்டியது நீலத்தையே. நீலக்கோடு முறிந்து இடையிடையே புள்ளிகள் பெற்றிருப்பின், அவ்வோடை ஆண்டு முழுதும் ஓடாது. சிறு நீல வட்டம் ஊற்றைக் குறிக்கும். பல திசைகளிலிருந்து வரும் தடங்கள் ஆளரவமற்ற ஓரிடத்திற் கூடுமாயின், ஆங்கே நீர் இருந்திருக்கும் என ஊகிக்கலாம்.

இருந்திருக்கும் என்பதே நினைவிற் கொள்ளத்தக்கது. ஊற்று வற்றும், காற்றாடி கொண்டு நீரிறைத்த கிணறு தூர்ந்துபோம். தாளின் ஓரத்திலே நிலத்தை அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் வெவ்வேறாக இருக்கலாம். இரண்டிற்குமிடையே பல்லாண்டுகள் கழிந்திருத்தலும் உண்டு. அச்சாண்டை மட்டும் நோக்கி, ஊற்றை நம்பி வெறுங்குடுவையுடன் நடப்பவன் உயிரையே பணயம் வைக்கின்றான்.

கறுப்புச் சிறு சதுரங்கள் வீடுகள். 1916 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கால்நடை வளர்க்கக் குடியேறுவோர்க்கு 640 ஏக்கர் வரை அரச நிலம் பெற வழிசெய்தது. அது ஒரு சதுரமைல். படத்திலோ ஏறத்தாழ ஒரு சதுர அங்குலம். மழை குன்றிய புலத்திலே அவ்வளவு புல் ஒரு குடும்பத்தின் மந்தைக்குப் பெரும்பாலும் போதவில்லை. பலர் வீட்டை விட்டகன்றனர். 1934 இன் டெய்லர் மேய்ச்சற் சட்டம், அரச மேய்ச்சல் நிலங்களை அனுமதிப்பத்திர முறைக்குட் கொணர்ந்தது. இதனால், ஒரே இடத்தின் இரு காலத் தாள்களை அருகருகே வைத்து நோக்கின், முன்னதிற் கறுப்புச் சதுரம் இருந்தவிடம் பின்னதில் வெறுமையாயிருத்தல் உண்டு. வண்டித்தடம் மட்டும் புதர்களினூடே இரண்டு மூன்று மைல் சென்று, எதனையும் அடையாது நின்றுவிடும்.