பக்கப் பார்வையும் கையடக்கக் கருவிகளும்

இடக் கண்ணை மூடிக்கொண்டு, இரு கைகளையும் முன்னே நீட்டி, பெருவிரல்களை ஒட்டினாற்போல் நிமிர்த்துங்கள். இடப் பெருவிரலின் நுனியை விட்டுப் பார்வையை அகற்றாமல், வலக் கையை மட்டும் மெல்ல வலப்புறமாக நகர்த்துங்கள். முக்காற் சாண் தூரம் சென்றதும் வலப் பெருவிரலின் நுனி மறைந்துபோகும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் அவ்விடத்திற்கு ஒளியை உணரும் ஆற்றல் கிடையாது. ஆயினும் இக்குருட்டுப் புள்ளியை எவரும் தாமாகக் கண்டதில்லை. சுற்றியுள்ள காட்சியைக் கொண்டு மூளை அதனை நிரப்பிவிடுகின்றது.

குளுக்கோமா என்னும் நோய் பார்வைப் புலத்தை அரிப்பதும் பெரும்பாலும் இவ்விதமே. வலியில்லை, கறுப்புத் திரை எதுவும் தொங்குவதில்லை. பேசாலையிலோ வங்காலையிலோ வாடியில் அமர்ந்து வலை பொத்தும் ஒருவர், ஒவ்வொரு கண்ணியையும் தெளிவாகவே காண்பார். இரவில் பக்கவாட்டில் நெருங்கும் வள்ளத்தை மட்டும் காணார். வயதாகிவிட்டது என்று வீட்டாரும் விட்டுவிடுவர். இழந்த பார்வை மீள்வதில்லை. எஞ்சியதையே மருந்தால் காக்கலாம்.

சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் அயல் மாவட்டக் கிராமங்களில் நாற்பது வயதைக் கடந்தோரை ஆராய்ந்து, 2005 இல் முடிவை வெளியிட்டனர். இந்நோயின் பொதுவகை கண்டோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல், தமக்கு அது உண்டென்று அதுவரை அறியாதவர்கள்!

பார்வைப் புலத்தை அளக்கும் கலை புதிதன்று. 1889 இல் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் பியெரம், தம் அறைக் கதவின் பின்புறத்தையே அளவுத் திரையாகக் கொண்டார். 1945 இல் கோல்ட்மன் அமைத்த கிண்ண வடிவக் கருவி நுட்பமானது. ஆனால் இருட்டறையும் தேர்ந்த பணியாளரும் வேண்டும். தலைமன்னார்க் கரைக்கு அதனைச் சுமந்து செல்ல முடியுமா?

இன்று இரு வகைக் கையடக்கக் கருவிகள் உள்ளன. ஒன்று, கைக்கணினித் திரையில் ஒளிப்புள்ளிகளைக் காட்டுவது. நேபாளத்தில் சோதித்தபோது, நடுத்தரமும் முற்றியதுமான இழப்பை அது நன்கு காட்டிற்று. தொடக்க இழப்பில் அத்துணை வல்லமை இல்லை. முகம் திரையை நோக்கிச் சற்றுச் சாய்ந்தாலும் கோணம் மாறிவிடும். மன்னார் வெயிலின் கூச்சம் வேறு. மற்றையது, தலையில் மாட்டும் கண்ணாடிப் பெட்டி. அது தன் இருளைத் தானே கொண்டுவருகிறது. ஒளி தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். இடையிடையே குருட்டுப் புள்ளியிலும் ஓர் ஒளியைக் காட்டும் வழக்கமுண்டு. அதற்கும் அழுத்தினால் கண் அலைந்துவிட்டது என்பது பொருள். பெருவிரல் மறைந்த அதே இடந்தான் இங்கே சாட்சி சொல்கிறது.

இவை சலித்தெடுக்கும் அரிப்புகளே. நோயைத் தீர்மானிப்பவை அல்ல. பார்வை நரம்பை நோக்கிக் கண்ணழுத்தத்தையும் அளந்த பின்னரே மருத்துவர் முடிவு கூறுவார். அழுத்தம் இயல்பாக இருப்போருக்கும் இந்நோய் வருவதுண்டு. பொய்யான எச்சரிக்கையின் விலையையும் எண்ண வேண்டும்: தீவின் முனையிலிருந்து பட்டணத்து வைத்தியசாலைக்கு வந்து திரும்பினால், தொழிலாளிக்கு ஒரு நாட் பாடு போயிற்று. முதன்முறை தவறு செய்வோர் பலராதலின், அங்கேயே மறுமுறை சோதிப்பது நன்று. இரவெல்லாம் விழித்துக் கரை சேர்ந்தவரைக் காலையிற் சோதித்தால், அயர்ச்சியே நோய்போலத் தோன்றும். கடலேறாத ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பின்னர், கோயில் மண்டபத்தின் நிழலில் வைத்தால் கூட்டமும் சேரும். ஒருவருக்கு இந்நோய் உண்டெனத் தெரிந்தால், அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கையரையும் அப்போதே அழைத்துச் சோதிக்கலாம். உடன்பிறந்தாருக்கு அபாயம் மிகுதி.