நின்ற மோட்டார் எல்லாம் செத்த மோட்டார் அல்ல
(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். நாமும் ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வருகிறோம். அங்கே வார இறுதியில் வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி 'கராஜ் சேல்' போடுவார்கள். அதில் பொம்மை ரயில் சாமான்கள் அட்டைப்பெட்டியோடு கிடைக்கும். பெரும்பாலும் லயனல் கம்பெனியுடையவை. 1900-ல் ஜோஷுவா லயனல் கோவன் நியூயார்க்கில் தொடங்கிய கம்பெனி அது.

ரயிலை விடத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சாமான்கள்தான் எனக்கு வேடிக்கை. 1938-ல் வந்த 97 என்ற எண்ணுள்ள நிலக்கரிக் கோபுரத்தில், சங்கிலியில் கோத்த சிறு வாளிகள் கரியை மேலே தூக்கிப் போகும். மறுபக்கம் வேகனில் கொட்டும். 1948 முதல் 1957 வரை வந்த 364, மரக்கட்டைகளை பெல்ட்டில் ஏற்றி வேகனுக்குள் உருட்டிவிடும். எல்லாம் சின்ன மோட்டாரின் வேலை.

இவற்றின் மேல் "ஓடாது" என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். அதை நம்பிக் குப்பையில் போடாதீர்கள். நம்பாமல் இங்கே கொண்டுவந்து நேராக பிளக்கில் சொருகவும் சொருகாதீர்கள். இரண்டாவதுதான் ஆபத்து. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஊர் மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. கூடவே வரும் பழைய டிரான்ஸ்பார்மரை நம் பிளக்கில் சொருகினால் உள்ளே சுருள் எரிந்து புகை வரும். பல பத்தாண்டுப் பழைய வயர். மேல் ரப்பர் வெடித்து உள்ளே செம்பு தெரியும். குழந்தைகள் கை வைக்கும் இடம் அது. ஆகவே அந்த டிரான்ஸ்பார்மரை ஒதுக்கிவிடுங்கள். கோபுரத்திலும் கட்டை ஏற்றியிலும் உள்ள மோட்டார் ஏசியிலும் ஓடும், டிசியிலும் ஓடும். பி.ஐ.எஸ். பதிவு முத்திரையுள்ள 12 வோல்ட், 3 ஆம்பியர் டிசி அடாப்டர் போதும்.

இனி மோட்டார். பேங்கில் சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் யாரும் உடனே திருட்டு என்று சொல்ல மாட்டோம். முதலில் கூட்டலைப் பார்ப்போம், பிறகு வவுச்சரைப் பார்ப்போம். இங்கேயும் அப்படித்தான். சின்னதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் மின்சாரம் கொடுக்காமல் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாக இறுகியிருக்கும். பாதிக் கோளாறு அதுதான். பல்சக்கரங்களில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய கிரீஸ் கொஞ்சமாக வையுங்கள். அச்சின் இரு முனையிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது நாளடைவில் பிசினாகிவிடும்.

அடுத்தது கம்யூட்டேட்டர். சுழலும் அச்சில் உள்ள செம்புத் துண்டுகள். அவற்றைக் கார்பன் பிரஷ்கள் தொட்டுக்கொண்டிருக்கும். கறுத்துப் போயிருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். துண்டுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தைப் பல் குத்தும் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். எமெரி தாள் கூடாது. அதன் துகள் பள்ளத்தில் தங்கி ஷார்ட் ஆக்கும். அங்கே எண்ணெயும் படக்கூடாது. பிரஷ் தேய்ந்து குட்டையாகியிருந்தால் மாற்றுங்கள்.

அதன் பிறகும் ஓடவில்லையா? மல்டிமீட்டர் எடுங்கள். பெரும்பாலும் மூன்று செம்புத் துண்டுகள் இருக்கும். இரண்டிரண்டாகத் தொட்டு அளந்தால் மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக வரவேண்டும். வந்தால் சுருளுக்கு உயிர் இருக்கிறது. ஒன்று மட்டும் மிகவும் மாறினால்தான் ரீவைண்டிங் கடைக்குப் போக வேண்டும்.

ஒரு விஷயம். சுழலும் எல்லாவற்றிலும் மோட்டார் இருக்காது. 494 என்ற சுழல்விளக்குக் கோபுரத்தில் இருப்பது அதிரும் காயில். அந்த அதிர்வில் ரப்பர் விரல்கள் விளக்கின் தொப்பியைத் தள்ளிச் சுற்றும். இது ஏசியில் மட்டுமே வேலை செய்யும். டிசி கொடுத்துவிட்டு "செத்துவிட்டது" என்று சொல்லாதீர்கள். ரப்பர் விறைத்துப் போயிருந்தாலும் சுற்றாது. அதை மட்டும் மாற்றினால் போதும்.

கடைசியாக, பெயிண்ட் அடிக்காதீர்கள். பளபளவென்று இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் சேகரிப்பவர்கள் மதிப்பது அசல் பெயிண்டையும் அசல் எழுத்தையும்தான். ஈரத்துணியால் தூசி துடைத்தால் போதும். கழற்றிய ஸ்குரூவை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுங்கள், திரும்பப் பூட்டும்போது உதவும்.

பேரக்குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். இன்றைய பொம்மையின் உள்ளே பார்த்தால் ஒன்றும் புரியாது. இதில் மின்சாரம் எங்கே நுழைந்து எதைத் தள்ளுகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது இருந்தால் ஞாயிறு மாலை கிளப் ஹவுசுக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.