நின்றுகொண்டே பேசுகிறேன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடையில் நாற்காலி இருந்தும் நான் ஓரமாக நிற்பதைப் பார்த்து, "என்னப்பா, இன்னும் ஹெச்.ஓ.டி. மேலே பயமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். பயம் நாற்காலி மேலேதான். அரைமணிக்கு மேல் உட்கார்ந்தால் இடது கால் எரிய ஆரம்பித்துவிடும். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. 2019 டிசம்பரில் எங்கள் செட் பத்தாண்டு நிறைவுக்காக இதே வளாகத்தில் கூடியது. நான் வரவில்லை. "துபாயில் பிராஜெக்ட்" என்று சொன்னேன். துபாயும் இல்லை, பிராஜெக்ட்டும் இல்லை. வீட்டில் மல்லாந்து படுத்திருந்தேன். அதற்கு ஐந்து வாரம் முன்னால்தான் இடுப்பில் ஆபரேஷன். முப்பத்தோரு வயதில் முதுகு போய்விட்டது என்று, ஹாஸ்டலில் ஒன்றாக வாலிபால் ஆடியவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை.

நமக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறேன். சைட்டில் ஆள் பற்றாத ஒரு நாள், 50 கிலோ சிமென்ட் மூட்டையைக் குனிந்து தூக்கினேன். மூட்டை முதுகுத்தண்டிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசைக்குக் கிடைக்கும் தூரமோ சுமார் 5 சென்டிமீட்டர்தான். மோமென்ட் எடுத்தால் தசை 400 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். மூட்டையையும் சேர்த்தால் டிஸ்க் மேல் 450 கிலோ. நம் உடம்பின் எடை தனி! பாலத்தில் கர்டருக்கும் பியருக்கும் நடுவே ரப்பர் பேரிங் வைப்போமே, டிஸ்க்கும் கிட்டத்தட்ட அதுதான். எனக்கு இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே இருந்த டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தியது. அந்த ஒரு மூட்டை மேலேயே பழியைப் போட மாட்டேன். ஏழெட்டு வருஷம் பைக்கில் சைட் சைட்டாக அலைந்ததும் சேர்ந்திருக்கலாம்.

பிதுங்கிய துண்டை எடுத்தார்கள். கால் வலி சட்டென்று குறைந்தது. மூன்று மாதம் ராஜா மாதிரி இருந்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, பிசியோதெரபி நின்றது. கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு டிராயிங் பார்த்தேன். ஜூன் வாக்கில் இடுப்பு வலி திரும்பியது; கூடவே கழுத்தும் பிடித்துக்கொண்டது. தலை நாலைந்து கிலோ இருக்கும். குனியக் குனிய அதற்கும் அதே மோமென்ட் கணக்குதானே.

மறுபடி ஸ்கேன். "ஆபரேஷன் பண்ணின இடம் சுத்தமா இருக்கு" என்றார்கள். அதுதான் என்னை உடைத்தது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் என் வலி பொய்யா? அப்போதைய கம்பெனி மேலதிகாரி, "ஆபரேஷன்தான் பண்ணியாச்சே, இன்னும் என்ன?" என்றார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு தைலம் கொண்டுவந்தார்கள். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. "தூக்குப்பா" என்று கையை நீட்டுவாள். "அப்பாவுக்கு வேலை இருக்கும்மா" என்பேன். அதுவும் துபாய் பிராஜெக்ட் மாதிரிதான்.

வலி சிகிச்சை மருத்துவர் ஒருவர்தான் புரிய வைத்தார். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் சிலருக்கு வலி தங்கிவிடும். 'ஃபெயில்ட் பேக் சர்ஜரி சிண்ட்ரோம்' என்று வெகுகாலமாக அதற்குப் பெயர். சர்ஜன் தப்பு செய்தார் என்று அர்த்தமில்லை. நரம்பைச் சுற்றித் தழும்பு வளரலாம். மாதக்கணக்கில் வலித்த நரம்பு மண்டலம், சின்ன அசைவுக்கெல்லாம் கத்தப் பழகியிருக்கலாம். எனக்கு உடனே ஈ.எல்.சி.பி. ஞாபகம் வந்தது. சில வீடுகளில் லீக்கேஜே இல்லாமல் டிரிப் ஆகுமே! வயரிங்கில் குறை இல்லை. ஆனால் டிரிப் ஆவது நிஜம், வீடு இருட்டாவதும் நிஜம்.

ப்ரீகாபாலின் கொடுத்தார்கள். வலி மட்டுப்பட்டது, பகலெல்லாம் மந்தம். ஒரு நாள் பீம் கணக்கில் சுவர் லோடையே விட்டுவிட்டேன். டிராயிங் சைட்டுக்குப் போகுமுன் ஜூனியர் இன்ஜினியர் ஒருவர் கண்டுபிடித்தார். மாத்திரை போட்டும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் மருத்துவரைக் கேட்டு அளவைக் குறைத்தேன் (அதை நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது). ஆபீசில் உண்மையைச் சொல்லி, என் கணக்கை இன்னொருவர் சரிபார்க்காமல் வெளியே விடாதீர்கள் என்று எழுதியே கொடுத்தேன்.

வலி போகவில்லை. தினமும் இருபது நிமிஷம் நடக்கிறேன், உயரமான மேஜையில் நின்று வேலை பார்க்கிறேன். மோசமான நாள் பழகிவிட்டது. ஆபத்து நல்ல நாளில்தான். வலி இல்லையே என்று பரண் வரைக்கும் சுத்தம் செய்வேன், அடுத்த மூன்று நாள் படுக்கை. இப்போது நல்ல நாளிலும் கடிகாரம் பார்த்து நிறுத்திவிடுகிறேன். மகளிடம் உண்மையைச் சொன்ன பிறகு, அவளே கட்டில் மேல் ஏறி நின்று, கழுத்தைத் தொடாமல் தோளைக் கட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்டாள்.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று. முதுகுவலியோடு சிறுநீர் போகாமல் அடைத்துக்கொண்டாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, தைலம் தேடாதீர்கள். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மதியம் பந்தி என்று அறிவித்திருக்கிறார்கள். நான் ஜன்னல் திண்டில் இலையைப் போட்டுக்கொண்டு நிற்பேன். 2019-ல் ஐந்து தடவை போன் செய்த எங்கள் கிளாஸ் ரெப், தானும் அங்கேயே வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறான்.